டொரன்டோ யாரை வரவேற்கிறது?

உலகின் பன்முகப் பண்பாட்டு நகரங்களைப் பட்டியலிடுவோர் கனடாவின் டொரன்டோவை விட்டுவிடுவதில்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 28 லட்சத்தை நெருங்கும் அதன் மக்களில் ஏறத்தாழ 47% பேர் வேறு நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். பாதிக்கும் மேற்பட்டோர் வெள்ளையர் அல்லாதோர். தன்பாலீர்ப்பாளர்கள் அச்சமின்றிச் சென்றுவரக்கூடிய நகரங்கள் என்கிற இன்னொரு பட்டியலிலும் டொரன்டோவுக்கு இடம் உண்டு. ஒரே நகரம் இரண்டு பட்டியல்களிலும் இருப்பதால், அந்த இரண்டு வரவேற்புகளும் ஒன்றுதான் என்கிற எண்ணம் எளிதில் உருவாகிவிடுகிறது.

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ அங்கு செல்லும் ஒரு தன்பாலீர்ப்பாளருக்கு இந்த எண்ணம் பாதி உதவும்; பாதி ஏமாற்றும். எல்லா மொழிகளுக்கும் இடம் தரும் நகரமும் எல்லாக் காதல்களுக்கும் இடம் தரும் நகரமும் வரைபடத்தில் ஒன்றாக இருக்கலாம். நடைமுறையில், அவை வெவ்வேறு தெருக்களில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே பயணம் செய்பவருக்குத்தான் அந்தத் தொலைவு தெரியும்.

வாசலை அடைத்த நாடு: இன்று வானவில் கொடியைக் காட்டிப் பயணிகளை அழைக்கும் கனடா, ஒரு காலத்தில் தன்பாலீர்ப்பாளர்களை எல்லைக்குள்ளேயே அனுமதிக்காத நாடு. 1952ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், நாட்டுக்குள் நுழையத் தகுதியற்றோர் பட்டியலில் தன்பாலீர்ப்பாளர்களை வெளிப்படையாகவே சேர்த்திருந்தது. 1969இல், 21 வயது நிறைந்த இருவர் தனிமையில் விரும்பிக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. அப்போதும் எல்லைக் கதவு திறக்கவில்லை. 1976இல் நிறைவேறி, 1978இல் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவுச் சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. அதாவது, நாட்டுக்குள் இருப்பவருக்குக் குற்றமாக இல்லாத ஒன்று, நாட்டுக்கு வெளியிலிருந்து வருபவருக்குத் தகுதிக் குறைவாக ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நீடித்தது.

டொரன்டோ நகரமும் இணக்கமான நகரமாகவே பிறந்துவிடவில்லை. 1981 பிப்ரவரி 5 இரவு, தன்பாலீர்ப்பு ஆண்கள் கூடும் நான்கு குளியல் விடுதிகளில் காவல் துறை ஒரே நேரத்தில் நுழைந்து, ஏறத்தாழ 300 பேரைக் கைதுசெய்தது. மறுநாள் இரவே ஆயிரக்கணக்கானோர் வீதியில் திரண்டனர். இன்று ஆண்டுதோறும் ஜூன் மாதத்தின் இறுதியில் நடக்கும் பெரும் சுயமரியாதைப் பேரணியின் வேர் அந்தச் சினத்தில் இருக்கிறது. அந்தக் கைதுகளுக்காக நகரின் காவல் துறைத் தலைவர் வருத்தம் தெரிவித்தது 2016இல்தான். இடையில் 35 ஆண்டுகள் கடந்திருந்தன.

சட்டம் தரும் உறுதி: இன்று அங்கு செல்லும் பயணிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உறுதியானது. ஒன்ராறியோ மாகாணத்தின் மனித உரிமைகள் சட்டத்தில் பாலின ஈர்ப்பின் அடிப்படையிலான பாகுபாடு 1986இல் தடைசெய்யப்பட்டது. இரண்டு ஆண்கள் ஒரே அறை கேட்டால் விடுதி மறுக்க முடியாது. உணவகம் வெளியேற்ற முடியாது. 2003 ஜூன் 10 அன்று ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை உடனடியாகச் செல்லுபடியாக்கியது. 2005இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது.

இதில் வெளிநாட்டுப் பயணி கவனிக்க வேண்டிய ஒரு கூறு உண்டு. ஒன்ராறியோவில் மணம் முடிக்க, அங்கு வசித்திருக்க வேண்டும் என்கிற நிபந்தனை இல்லை. கடவுச்சீட்டைக் காட்டி உரிமம் பெற்று, இரண்டு இந்தியப் பெண்கள் டொரன்டோவில் திருமணம் செய்துகொள்ளலாம். ஆனால், விமானம் சென்னையில் இறங்கியதும் அந்தத் திருமணத்துக்குச் சட்ட மதிப்பு இல்லை. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இல் மட்டுப்படுத்தியது. ஆனால், தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. இப்படிக் கனடாவில் மணந்து, சொந்த நாடு திரும்பியவர்கள் பின்னர் பிரிய நேர்ந்தபோது மணவிலக்குப் பெறவும் வழியின்றித் தவித்தார்கள். காரணம், கனடாவில் மணவிலக்கு கோர அங்கு வசித்திருக்க வேண்டும். அவர்களுக்காகவே 2013இல் கனடா தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. மணச் சான்றிதழை நினைவுப் பொருளாகக் கருதுவோர் இதை மறந்துவிடக் கூடாது.

இலங்கைத் தமிழரின் நிலை இன்னும் கடினமானது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையில் ஆங்கிலேயர் வைத்துச்சென்ற பிரிவுகள் 365, 365அ ஆகியவை அங்கு இன்னும் நீக்கப்படவில்லை. 1995இல் நடந்த திருத்தம், ஆண்களை மட்டுமே குறித்த பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. இந்தக் குற்றத்தை நீக்க முனையும் மசோதா அரசமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் இலங்கை உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே, டொரன்டோவில் கைகோத்து நடக்கும் இருவரில் ஒருவர் சென்னைக்காரராகவும் மற்றவர் யாழ்ப்பாணத்துக்காரராகவும் இருந்தால், அவர்கள் திரும்பிச் செல்லும் சட்டங்கள் வேறு வேறு.

முதல் வரைபடம்: நகர மையத்தில், வெல்லஸ்லி சுரங்க ரயில் நிலையத்துக்கு அருகே சர்ச் தெரு இருக்கிறது. அதையும் வெல்லஸ்லி தெருவையும் ஒட்டிய பகுதியை நகரத்தார் ‘வில்லேஜ்’ என்று அழைக்கிறார்கள். மதுக்கூடங்களும் காபிக் கடைகளும் மட்டுமல்ல அந்தத் தெரு. அங்கே, கதவிலக்கத்தையே பெயராகக் கொண்ட ‘519’ என்கிற சமுதாய மையம் உண்டு. புதிதாகக் குடியேறியோருக்கும் அகதிகளுக்கும் அது வழிகாட்டுகிறது. அதையொட்டிய பூங்காவில், எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்ட நினைவுத் தூண்கள் நிற்கின்றன. கொண்டாட்டத்துக்கென்று வருபவர் அங்கே சில நிமிடங்கள் நின்று அந்தப் பெயர்களைப் படித்தால், அந்தத் தெருவின் சுதந்திரத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை புரியும்.

ஆனால், அந்தத் தெருவில் எல்லோரும் ஒரே அளவில் கண்ணில் படுவதில்லை. தன்பாலீர்ப்பாளரின் உருவம் என்று விளம்பரங்கள் காட்டியது நெடுங்காலம் வெள்ளை இளைஞரின் உருவம்தான். சந்திப்புச் செயலிகளில் இனத்தைச் சொல்லி ஒதுக்கும் வரிகளை எதிர்கொண்ட அனுபவத்தைத் தெற்காசியர்களும் கறுப்பினத்தவரும் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்கள். 2016 பேரணியைக் கறுப்பினத்தவரின் உரிமை இயக்கத்தினர் பாதி வழியில் நிறுத்தி, பேரணிக்குள்ளேயே தங்களுக்கு இடம் குறைவு என்பதை நகரத்துக்கு உணர்த்தினார்கள். ஊரில் தன் ஈர்ப்பை மறைத்து வாழ்ந்தவர், இங்கே தன் நிறத்தின் காரணமாகப் பார்வைக்கே வராமல் போகக்கூடும். முதல் முறை செல்பவருக்கு இது எதிர்பாராத அடியாக இருக்கும்.

இரண்டாம் வரைபடம்: சர்ச் தெருவிலிருந்து கிழக்கே, ரயிலும் பேருந்தும் மாறிச் செல்லும் தொலைவில், ஸ்கார்பரோ இருக்கிறது. 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழர்கள் பெருமளவில் குடியேறிய பகுதி அது. அதற்கு அப்பால் மார்க்கம் வரை அவர்கள் பரவியிருக்கிறார்கள். நகரின் பெயரையே ‘ரொறன்ரோ’ என்று தம் எழுத்தில் எழுதும் சமூகம் இது. கோயில்கள், நகைக்கடைகள், கொத்து ரொட்டிக் கடைகள், தமிழ் வானொலிகள், தமிழில் பெயர் எழுதிய மருத்துவமனைகள் என்று முழுமையான ஓர் ஊரே அங்கு உண்டு. ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்ராறியோ 2014இலும், கனடா நாடாளுமன்றம் 2016இலும் அங்கீகரித்தன.

தமிழ்ப் பயணியின் தனித்தன்மை இங்குதான் தொடங்குகிறது. ஐரோப்பியப் பயணி விடுதியில் தங்குகிறார். தமிழர் பெரும்பாலும் சித்தப்பா வீட்டிலோ அத்தை வீட்டிலோ ஸ்கார்பரோவில் தங்குகிறார். விசா விண்ணப்பத்துடன் இணைக்கும் அழைப்புக் கடிதத்தை எழுதியவர் அந்த உறவினராகவே இருப்பார்; விமான நிலையத்தில் காத்திருப்பவரும் அவர்தான். காலையில் வெளியே கிளம்பினால், “எங்கே? யாரோடு? சாப்பாட்டுக்கு வந்துவிடுவாயா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளில் அன்பு இருக்கிறது, கண்காணிப்பும் இருக்கிறது. சர்ச் தெருவில் நிறத்தால் மறைந்துபோகிறவர், ஸ்கார்பரோவில் மொழியால் உடனே அடையாளம் காணப்படுகிறார். “நீங்கள் எந்த ஊர்? யாருடைய பிள்ளை?” என்று இரண்டு கேள்வி கேட்டால், கடைக்காரரே உறவுமுறை கண்டுபிடித்துவிடுவார்.

எனவே, பன்முகப் பண்பாடு என்பது ஒவ்வொரு சமூகமும் தன் மொழியையும் உணவையும் வழிபாட்டையும் கொண்டுவர அனுமதிக்கும்போது, அதன் அச்சங்களையும் சேர்த்தே கொண்டுவர அனுமதிக்கிறது. இதைத் தமிழருக்கு மட்டுமே உரிய குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. போரில் எல்லாவற்றையும் இழந்து வந்த சமூகம், தன்னிடம் எஞ்சியிருக்கும் குடும்ப ஒழுங்கை இறுகப் பற்றிக்கொள்வது இயல்பு. ஆனால், அந்தப் பிடியில் யாருக்கு மூச்சு முட்டுகிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

இடைவெளியில் விழுந்தவர்கள்: இரண்டு வரைபடங்களுக்கும் இடையிலான வெற்றிடம் எவ்வளவு ஆபத்தானது என்பதை டொரன்டோ கண்டிருக்கிறது. 2010 முதல் 2017 வரை எட்டு ஆண்கள் ஒரு தொடர் கொலையாளியால் கொல்லப்பட்டார்கள். பலர் வில்லேஜ் பகுதியில் பழகியவர்கள். எட்டுப் பேரில் அறுவர் இலங்கை, ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் இருவர் இலங்கைத் தமிழர். அந்த இருவரில் ஒருவர், 2010இல் ‘சன் சீ’ கப்பலில் கனடா வந்த 492 பேரில் ஒருவர். புகலிடக் கோரிக்கை மறுக்கப்பட்டவர். நாடு கடத்தப்படுவதற்கு அஞ்சி அவர் தலைமறைவாக இருப்பதாகவே உறவினர்கள் எண்ணியிருந்தார்கள். அவர் காணாமல் போனதாக ஒரு புகார்கூடப் பதிவாகியிருக்கவில்லை.

முதல் மூன்று ஆண்கள் காணாமல் போனதைப் பற்றிக் காவல் துறை 2012இல் தனி விசாரணை நடத்தி, 2014இல் விடை காணாமலே முடித்துக்கொண்டது. 2017இல், நண்பர்கள் பலரால் அறியப்பட்ட ஒரு வெள்ளையர் காணாமல் போன பிறகுதான் விசாரணை வேகம் பெற்றது. அந்த ஆண்டின் டிசம்பரில்கூட, தொடர் கொலையாளி இருப்பதற்குச் சான்று இல்லை என்றே காவல் துறை கூறியது. 2018 ஜனவரியில் குற்றவாளி கைதானார். மறு ஆண்டு எட்டுக் கொலைகளையும் ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். காணாமல் போனோர் வழக்குகளைக் காவல் துறை கையாண்ட விதத்தை ஆராய்ந்த முன்னாள் நீதிபதி குளோரியா எப்ஸ்டீன், 2021இல் அளித்த அறிக்கையில் 151 பரிந்துரைகளை முன்வைத்தார்.

கொலையுண்டவர்களில் சிலர், தம் வாழ்க்கையின் ஒரு பகுதியைக் குடும்பத்தாரிடம் மறைத்தவர்கள். அவர்கள் எங்கே போனார்கள், யாரைச் சந்தித்தார்கள் என்று சொல்ல வீட்டில் எவருமில்லை. தேடச் சொல்லி உரக்கக் கேட்க, வெளியே போதிய குரலும் இல்லை. இனத்தின் பெயரால் ஒரு பக்கமும் ஈர்ப்பின் பெயரால் மறுபக்கமும் ஒதுக்கப்பட்டவர்கள், நல்ல சட்டங்கள் உள்ள நகரத்திலேயே தொலைந்துபோகலாம் என்பதை இதைவிடத் துலக்கமாகச் சொல்லும் நிகழ்வு இல்லை.

பாலம் அமைத்தவர்கள்: இந்த இடைவெளியை முதலில் உணர்ந்தவர்கள் தெற்காசியத் தன்பாலீர்ப்பாளர்களே. 1987இல் ‘குஷ்’ என்கிற அமைப்பு டொரன்டோவில் தொடங்கப்பட்டது. அதன் முயற்சியிலிருந்து கிளைத்த ‘தேஷ் பர்தேஷ்’ கலை விழா 2001 வரை நடந்தது. எய்ட்ஸ் நோய் பரவிய காலத்தில், தம் மொழியில் உதவி பெற வழியில்லாத தெற்காசியர்களுக்காக 1989இல் தனி அமைப்பு ஒன்று உருவானது. எய்ட்ஸ் தடுப்புக்கான தெற்காசியக் கூட்டமைப்பு என்கிற அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது. தமிழ்ப் பால்புதுமையருக்கென ‘சினேகிதன்’ என்கிற குழுவும் அங்கு உருவானது. பெயரிலேயே நட்பை வைத்திருக்கும் அந்தக் குழுவின் தேவை எளிமையானது: தன் துயரத்தைத் தாய்மொழியில் சொல்ல ஓர் இடம்.

இலக்கியமும் ஒரு பாலம் கட்டியது. 1983க்குப் பிறகு குடும்பத்துடன் கொழும்பிலிருந்து கனடாவுக்குப் பெயர்ந்த ஷியாம் செல்வதுரை 1994இல் ‘ஃபன்னி பாய்’ நாவலை வெளியிட்டார். ஒரு தமிழ்ச் சிறுவன் தன் ஈர்ப்பை உணர்வதும், அவன் வாழும் நாடு இனவெறியில் எரிவதும் அதில் ஒரே கதையாகப் பின்னப்பட்டிருக்கின்றன. 2020இல் தீபா மேத்தா அதைத் திரைப்படமாக்கியபோது தமிழர்களிடமிருந்து கடும் விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனம் பெரிதும், தமிழ்ப் பாத்திரங்களுக்குத் தமிழரல்லாதவர்கள் தேர்வானதையும் வசனங்களின் தமிழ் உச்சரிப்பு சிதைந்ததையும் பற்றியதாக இருந்தது. நாயகன் ஆணை நேசிப்பதை ஏற்றுக்கொண்டு, அவன் நல்ல தமிழ் பேச வேண்டும் என்று பலர் கோரியது சிறிய மாற்றமல்ல.

பயணி அறிய வேண்டியவை: டொரன்டோ செல்லும் தமிழ்த் தன்பாலீர்ப்பாளர் சில நடைமுறை உண்மைகளை மனதில் கொள்வது நல்லது. பேரணி பொது நிகழ்ச்சி. தொலைக்காட்சிகளும் ஆயிரம் கைபேசிகளும் அதைப் படம்பிடிக்கும். மதியம் எடுத்த படம் மாலைக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துசேரலாம். வீட்டாரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பது பயணியின் உரிமை. அதை ஒரு புகைப்படம் தீர்மானிக்க விடக் கூடாது. சந்திப்புச் செயலிகள் அருகிலிருப்பவரின் தொலைவையும் காட்டுபவை. உறவினர் நிறைந்த பகுதியில் அவற்றைத் திறக்கும் முன் அந்த வசதியை அணைத்துவைக்கலாம்.

அறிமுகமில்லாத ஒருவரைச் சந்திக்கச் செல்லும்போது, செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் நம்பகமான ஒருவரிடமாவது சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். அவர் ஊரில் இருக்கும் நண்பராக இருந்தாலும் போதும். தாக்குதல் நடந்தால் 911 எண்ணை அழைக்கலாம். பயணி என்பதாலோ தன்பாலீர்ப்பாளர் என்பதாலோ புகார் அளிக்கும் உரிமை குறைவதில்லை. மாகாணத்தின் பொது மருத்துவக் காப்பீடு பயணிகளுக்குக் கிடையாது என்பதால் பயணக் காப்பீடு அவசியம். எச்ஐவி தொற்றுள்ளவர், தொற்று பரவுவதற்கான உண்மையான வாய்ப்பு உள்ள நிலையில், அதைத் துணையிடம் தெரிவிக்காமல் உறவுகொள்வது அங்கு கடுமையான குற்றம். 2012இல் கனடா உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. தாராளமான நாடு என்பதால் எதற்கும் சட்டம் குறுக்கே வராது என்று எண்ணிவிடக் கூடாது.

வீட்டின் பொறுப்பு: இதுவரை சொன்னவை பயணி தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள். ஆனால், காக்க வேண்டிய பொறுப்பு முழுவதையும் பயணியின் தலையிலேயே சுமத்துவது நியாயமல்ல. அவரை வரவேற்கும் வீடுகளுக்கும் அவரை வழியனுப்பும் வீடுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

தமிழ்நாட்டில் இதற்கான பேச்சு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிப் பாதுகாப்புக் கேட்டுவந்த இரண்டு பெண்களின் வழக்கில், ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அதே வழக்கின் தொடர்ச்சியாக, தன்பாலீர்ப்பாளர்களைக் கண்ணியமாகக் குறிப்பதற்கான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. கண்ணியமான சொல் கிடைத்துவிட்டால் வீட்டுக்குள் பேச ஒரு வழி பிறக்கிறது. ஏளனச் சொற்களை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, அந்தச் சொற்களால் தன்னைப் பற்றிப் பெற்றோரிடம் எப்படிப் பேச முடியும்?

ஸ்கார்பரோவில் விருந்தினருக்குப் படுக்கை விரிக்கும் அத்தைக்கும் இது பொருந்தும். தங்க வந்த பிள்ளை இரவு எங்கே சென்றது என்று துருவிக் கேட்பதைவிட, “எந்த நேரமானாலும் ஒரு போன் செய், கதவைத் திறக்கிறேன்” என்று சொல்வது அந்தப் பிள்ளையை அதிகம் காக்கும். கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டு, கொடி பிடித்த பிறகுதான் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதில்லை. எல்லைக் கதவைத் திறக்கக் கனடாவுக்கு ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. வீட்டுக் கதவைத் திறக்க ஒரு வாக்கியம் போதும்.